கணவாய்க்கு ஒரு பெர்மிட்

1. என் கணவருக்கும் அவருடைய நண்பருக்கும் பிப்ரவரியில் பத்து நாள் லீவு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.
2. அவர்கள் இருவரும் ஜார்ஜியாவுக்குப் போனார்கள். பனி மூடிய ஒரு கணவாயை நடந்து கடப்பது திட்டம்.
3. நடக்கும் நாள்களில் காலையில் ஒரு படிவத்தை நிரப்பி எனக்கு அனுப்ப வேண்டும், நான் சரி என்று பதில் போட்ட பிறகே கிளம்ப வேண்டும் என்று மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.
4. இரண்டாம் தேதியும் மூன்றாம் தேதியும் படிவம் வந்தது. சரி என்றேன்.
5. நான்கிலிருந்து ஏழு வரை விட்டுவிட்டுப் பனி பெய்தது. அவர்கள் விடுதியை விட்டு வெளியே போகவில்லை.
6. எட்டாம் தேதி வானம் வெளுத்தது. காலை ஆறே காலுக்குப் படிவம் வந்தது.
7. அப்போது நான் அஜ்மானிலிருந்து அல் கூஸ் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மேல் நடந்ததை எண் போட்டு எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. எண் இல்லாமலே எழுதுகிறேன்.

நான் குளிர்பதனப் பொறியாளர். மீன், கோழி, ஐஸ்கிரீம் எல்லாம் அடுக்கி வைக்கும் பெரிய குளிர்கிடங்குகளுக்கு இயந்திரம் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, ஒப்படைப்பது எங்கள் கம்பெனியின் வேலை. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் வீடு கடற்கரைக்கு நூறு அடி, எங்கள் வீடு இன்னும் கொஞ்சம் உள்ளே. கல்யாணத்துக்கு முன் அவர் ஏறியிருந்த மிக உயரமான இடம் துறைமுகத்துக் கிரேனின் உச்சி. அங்கே ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் யாரோ பனிமலை ஏறும் வீடியோவைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜார்ஜியா ஒரு வசதி. இங்கே குடியிருப்பு விசா இருந்தால் அங்கே போவது எளிது. மூன்றரை மணி நேர விமானம். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இரண்டு இடத்திலும் ஒரே நேரம். பெரும்பாலானவர்கள் பனியில் விழுந்து புரண்டு, நான்கு போட்டோ எடுத்து, திரும்பிவிடுவார்கள். என் கணவர் முதல் வருஷம் அப்படித்தான் போனார், ஒரு வழிகாட்டியோடு. இரண்டாம் வருஷம் பனிச்சரிவு பற்றிய நான்கு நாள் வகுப்புக்கு என்னையும் நண்பரையும் சேர்த்துக்கொண்டு போனார். மூன்றாம் வருஷம்தான் அந்தக் கணவாய்.

இரண்டு நாள் நடை அது. ஒரு பள்ளத்தாக்கின் கடைசி ஊரிலிருந்து ஏறி, மேலே ஒரு கல்வீட்டில் தங்கி, மறுநாள் அடுத்த பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். அவர் அதற்காகப் பதினான்கு மாதம் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் சேர்த்தார். எங்கள் கட்டடத்தின் பதினோரு மாடியையும் முதுகில் தண்ணீர் கேன்களோடு தினமும் மூன்று முறை ஏறி இறங்கினார். பனியில் காலடி புதையாமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் அகன்ற பனிக்காலணியை வாங்கிய அன்று, அதைப் போட்டுக்கொண்டே ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தார். கீழ்வீட்டு எகிப்தியக் குடும்பம் காவலாளியை மேலே அனுப்பியது. கதவைத் திறந்த காவலாளி அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், யே க்யா ஹை?"

"ஜூதா ஹை, பாய்." இது என்ன என்று அவர் கேட்டதற்குக் காலணி என்று பதில்.

"மச்லி ஜைசா," என்று சொல்லிவிட்டுக் காவலாளி போய்விட்டார். மீன் மாதிரி இருக்கிறதாம். கடற்கரைக்காரருக்கு அது பெரிய அவமானமாகப் படவில்லை.

நண்பர் காயல்பட்டினத்துக்காரர். அல் கூஸில் கயிறு, தார்ப்பாய், பாதுகாப்புக் காலணி விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வயது நாற்பத்தொன்று, இடது முழங்காலில் ஒரு பட்டை, வாயில் எப்போதும் ஒரு கேலி. என் கணவரின் மலைப் பைத்தியம் காக்காவுக்கு ஒட்டியதா, கடையில் கயிறு வாங்கப் போன என் கணவருக்குக் காக்காவின் பைத்தியம் ஒட்டியதா என்று இரண்டு வீட்டிலும் இன்னும் வழக்கு முடியவில்லை.

நான் வர முடியாது என்று ஆனதும் எனக்குத் தூக்கம் கெட்டது. என் கிடங்கு பிப்ரவரி இரண்டாவது வாரம் ஒப்படைப்பு. மேலாளரிடம் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் மரியாதையாக இல்லை என்றார். தூக்கம் கெட்டால் நான் செய்வது ஒன்றுதான்: பட்டியல் போடுவேன். இந்தத் தடவை போட்டது ஒரு பெர்மிட்.

இங்கே எந்த சைட்டிலும் பெர்மிட் இல்லாமல் ஸ்குரூ திருப்ப முடியாது. வேலை செய்கிறவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவார். வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர் அதைப் படித்து அனுமதி கொடுப்பார். அந்த இன்னொருவருக்கு வேலையை முடித்தாக வேண்டிய அவசரம் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதே முறையில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது கேள்விகள் எழுதினேன். இன்றைய பனிச்சரிவு அறிக்கையில் அபாய எண் என்ன, வெப்பம் என்ன, காற்று எந்தப் பக்கம், கடந்த சில நாளில் எவ்வளவு புதுப் பனி, வழியில் முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த இடங்கள் எவை, நேற்று எங்காவது பனி சரிந்து பார்த்தீர்களா, இருவருடைய உடம்பும் எப்படி, பீக்கன் இரண்டையும் சோதித்தாயிற்றா, எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. அனுமதி தருபவர்: நான்.

என் கணவர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏ பிள்ள, நான் லீவுக்குப் போறேனா, டூட்டிக்குப் போறேனா?"

"லீவுலயும் விழத்தான செய்வாவ?"

"காக்கா, இங்கன பாருங்க. மலை ஏறுததுக்கு இவ ஃபார்ம் போட்டிருக்கா."

காக்கா போனில்தான் இருந்தார். "போடு மாப்ள கையெழுத்த. எங்க வீட்டுல இந்த மாதிரி ஃபார்ம்கூடக் கெடயாது. நேரா வேணாம்னு பதில்தான் இக்கிது."

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷார்ஜாவைத் தாண்டி மதாம் போகும் சாலையில் சிவப்பு மணல்மேட்டுக்குப் போனோம். மூவரும் வகுப்பில் கற்றதை ஒருமுறை செய்து பார்ப்பதற்காக. பீக்கன் என்பது நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் சிறிய ரேடியோ. நடக்கும்போது எல்லோருடையதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனியில் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி, குறையும் எண்ணைப் பின்தொடர்ந்து போய்த் தோண்ட வேண்டும். நேரம் நிமிஷக் கணக்கு. எங்களிடம் பனி இல்லை, மணல் இருந்தது. என் டிபன் பாக்ஸுக்குள் ஒரு பீக்கனை வைத்து, அவர்கள் திரும்பி நிற்க, ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தேன். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

மேட்டின் சரிவை போனை வைத்து அளந்தேன், முப்பத்து மூன்று டிகிரி. வகுப்பில் பனிச்சரிவுக்கு ஏற்றது என்று சொன்ன சாய்வு அதுதான். காக்கா குறுக்கே நடந்ததும் மேலேயிருந்து மணல் தகடு தகடாக நழுவி அவர் முழங்கால்வரை மூடியது. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா காக்கா, உங்களுக்குச் சரிவு இங்கனயே வந்துட்டு." கண்டுபிடித்த இடத்தில் இருவரும் தோண்டத் தோண்ட மணல் உள்ளே விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நான்கு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடும் ஒரு பாகிஸ்தானியப் பட்டான் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு இந்தியர்கள் ஒரு கருவியோடு வேர்க்க வேர்க்கத் தோண்டுவதைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாய், சோனா ஹை க்யா?"

தங்கம் என்று நினைத்துவிட்டார். காக்கா நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்து, என் கணவரைக் காட்டி, "நஹீ பாய். இஸ்கா பீவி கா டிஃபன் ஹை," என்றார். இவன் பெண்டாட்டியின் சாப்பாட்டு டப்பா. பட்டான் மிகுந்த மரியாதையோடு தானும் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தார். ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடியில் டப்பா கிடைத்தது. இரண்டாம் தடவை ஏழு நிமிஷம். மூன்றாம் தடவை ஐந்தே கால். அதை என் கணவர் தம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனார்கள். இரண்டாம் தேதியும் மூன்றாம் தேதியும் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்து பழகினார்கள். படிவத்தை என் கணவர் கையால் நிரப்பி, போட்டோ எடுத்து அனுப்பினார். மைனஸ் ஒன்பது, காற்று இல்லை, புதுப் பனி இல்லை, அபாய எண் இரண்டு. மூன்றாம் தேதிப் படிவத்தின் மூலையில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிச் சரி என்று பதில் போட்டேன். போட்டோவில் பச்சைச் சட்டை நன்றாகத் தெரியும், அதனால்.

பிறகு பனி. நான்கு நாளும் விடுதியில் சீட்டாட்டம், சூப், ரொட்டி. என் கணவரின் பேச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்கியது. பத்தாம் தேதி விமானம். கணவாய்க்கு இரண்டு நாள் வேண்டும். எட்டாம் தேதி கிளம்பாவிட்டால் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் லீவு எப்படி இருக்கும், காக்காவின் முழங்கால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏழாம் தேதி இரவு, "நாளைக்கு வெளுத்துரும் பிள்ள, நட்சத்திரம் தெரியுது," என்றபோது அவருக்கு மூச்சே மாறியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மழை பெய்தால் நாங்கள் வீட்டுக்குள் இருப்பதில்லை. விட்ட மறுநிமிஷம் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடுவோம், வறண்ட ஓடைகளில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க. பிரியாணிப் பாத்திரம், பாய், குழந்தைகள். மழைக்குப் பின் வரும் முதல் வெயில் எங்களுக்கு விடுமுறை மாதிரி. பனி மலையில் அது நேர்மாறு. கொட்டி முடித்த புதுப் பனி அடியிலிருக்கும் பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது. வானம் நீலமாக இருக்கும், ஆள்கள் சந்தோஷமாகக் கிளம்புவார்கள், அப்போதுதான் அது சரியும். வகுப்பில் ஆசிரியை இதையே மூன்று தடவை சொன்னாள். இருவரும் குறிப்பெடுத்தார்கள், நான் பார்த்தேன்.

எட்டாம் தேதிப் படிவத்தை பஸ்ஸில் படித்தேன். மைனஸ் ஒன்பது. காற்று இல்லை. புதுப் பனி இல்லை. அபாய எண் இரண்டு. மூலையில் காப்பி வட்டம்.

மூன்றாம் தேதியின் போட்டோவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தாள். தேதியிலிருந்த மூன்றின் வாயைப் பேனாவால் மூடி எட்டாக்கியிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. அந்தக் கைவேலையை நான் நன்றாக அறிவேன். எல்லா சைட்டிலும் நடப்பதுதான். நேற்றைய வேலையே இன்றும், நேற்றைய ஆள்களே இன்றும், அப்புறம் எதற்குப் புதிதாக ஒன்பது கேள்வி என்று நேற்றைய தாளில் தேதியை மட்டும் மாற்றுவோம். முதல் வேலையில் நானே ஒரு வாரத்துக்கான வெப்பப் பதிவை ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்திருக்கிறேன், மைனஸ் இருபத்திரண்டு, மைனஸ் இருபத்திரண்டு, மைனஸ் இருபத்திரண்டு என்று. புதன்கிழமை அந்த அறையின் கம்ப்ரெஸர் நின்றது. என் பதிவில் நிற்கவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். பஸ் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது, முன்சீட்டில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அங்க வெப்பம் எவ்வளவு?"

"எழுதிருக்கேன்லா. மைனஸ் ஒம்பது."

"தெர்மாமீட்டரப் பாத்துச் சொல்லுங்க."

"அது பையிக்குள்ள கெடக்கு பிள்ள. பைய இப்பத்தான் கட்டுனேன்."

"அவுருங்க."

ஜிப் சத்தம். பிறகு, "மைனஸ் ரெண்டு," என்றார்.

"காப்பி வட்டம் மூணாந்தேதி ஃபார்ம்ல இருந்துச்சு."

பின்னாலிருந்து காக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. "நான் சொன்னேன்லா மாப்ள, தங்கச்சி கண்டுபிடிச்சிரும்னு. கேட்டியா?"

"கை உறையுத குளிர்ல எழுத முடியல பிள்ள," என்றார் என் கணவர். "எல்லாம் அதேதான். வானத்தப் பாரு, வீடியோ போடுதேன். ஒரு பொட்டு மேகம் கெடயாது."

"அதான் எனக்குப் பயமாருக்கு. நாலு நாள் பெஞ்சதுக்கு எங்க போச்சு கணக்கு? புதுப் பனி எவ்வளவு?"

"முழங்காலுக்கு மேல இருக்கும்."

"காத்து?"

"ராத்திரி இருந்துச்சு. மேக்க இருந்து."

கணவாய்க்கு ஏறும் சரிவு கிழக்கு பார்த்தது. மேற்கிலிருந்து அடித்த காற்று மறுபக்கத்துப் பனியையும் அள்ளி அதன்மேல்தான் போட்டிருக்கும். அந்தப் பகுதிக்கான அறிக்கையைத் திறந்தேன். எண் மூன்று. வகுப்பு ஆசிரியைக்கு ஐந்து எண்களில் பிடிக்காத எண் அதுதான். நான்கு என்றால் புத்தியுள்ளவர்கள் போக மாட்டார்கள், மூன்று என்றால் போகலாமா வேண்டாமா என்று பேச ஆரம்பிப்பார்கள் என்பாள்.

அறிக்கையைவிட அந்த மைனஸ் ஒன்பதுதான் என்னை உறுத்தியது. மேகமில்லாத, காற்றில்லாத, கடும் குளிரான இரவுகளில் பழைய பனியின் மேற்பரப்பு சர்க்கரை போல, இறகு போல மாறிவிடும். எனக்கு அது புத்தகப் பாடமில்லை. கிடங்கின் கதவைத் திறந்து போட்டால் குளிர்க்குழாய்களின்மேல் அதே இறகுதான் படியும். விரலால் தொட்டால் கொட்டும். அதன்மேல் எதுவும் நிற்காது. அவர்கள் ஆனந்தமாகப் பழகிய அந்த இரண்டு நாளும் மலைமேல் அந்த இறகு வளர்ந்திருக்கும். பிறகு நான்கு நாள் பனி அதன்மேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது.

"ஒரு குழி வெட்டிப் பாருங்க," என்றேன். "விடுதிக்குப் பின்னால இருக்க மேட்டுல, கிழக்கப் பாத்த பக்கம். இருபது நிமிஷம் ஆகும். வீடியோவ அனுப்புங்க."

"இருபது நிமிஷம் போனா வெயில் ஏறிரும்."

"ஏறட்டும்."

மூச்சு விட்டார். "சரி வெட்டுதேன். நல்லா இருந்தா போவேன், சரியா?"

"நல்லா இருந்தா நானே கையெழுத்துப் போடுதேன்."

அல் கூஸில் இறங்கி, கிடங்கின் வாசலறையில் ஜாக்கெட் மாட்டும்போது வீடியோ வந்தது. காக்கா படம் பிடித்திருந்தார். என் கணவர் இடுப்பளவு குழிக்குள் நின்று, பனியில் ஒரு தூணைத் தனியாக வெட்டி, மண்வெட்டியின் தட்டையை அதன் தலையில் வைத்திருந்தார். வகுப்பில் கற்ற சோதனை. முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து பத்து. முப்பதும் தாங்கினால் ஓரளவு நிம்மதி. காக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணினார். பத்துவரை ஒன்றும் ஆகவில்லை. "பதினொண்ணு. பன்னெண்டு." பன்னிரண்டில் தூணின் மேல்பாதி அப்படியே ஒரு மேசை இழுப்பறை வெளியே வருவதுபோல் நேராக நழுவி என் கணவரின் தொடைமேல் விழுந்தது.

"யா அல்லாஹ்," என்றது காக்காவின் குரல். வீடியோ அங்கே முடிந்தது.

நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இது இந்த மேடு பிள்ள. மேல வேற மாதிரி இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இப்ப நாலு பேரு எங்கள தாண்டிப் போறான். வெள்ளக்காரங்க. பனிச்சறுக்கு மட்டையோட. கணவாய்க்குத்தான் போறான்." அவர் குரல் உடைந்தமாதிரி இருந்தது. "அவனுக்கு வீட்டுல ஆள் இல்லையா?"

"அவங்களுக்கு நான் பெர்மிட் குடுக்கல. உங்களுக்கும் குடுக்க முடியாது."

"பதினாலு மாசம்."

"தெரியும்."

"பதினாலு மாசம் பிள்ள."

"தெரியுங்க. வேண்டாம்."

"சரி, வைக்கேன்," என்றார். அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. காக்காவின் போனும் எடுக்கவில்லை.

அவர் எதற்குச் சரி என்றார் என்று எனக்குத் தெரியவில்லை. போகவில்லை என்ற சரியா, நீ சொன்னது காதில் விழுந்தது என்ற சரியா? எங்கள் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கிழக்குச் சரிவின் அடிக்குப் போய்விடுவார்கள், வரைபடம் எனக்கு மனப்பாடம். எட்டரை மணி. பத்தரைவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வேலை செய்தேன். மைனஸ் இருபத்திரண்டில் பதினாறு சென்சார்களின் எண்ணைப் படித்து எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். கையுறைக்குள் விரல் மரத்தது. எழுத முடியாத குளிர் என்று அவர் சொன்னது பொய்யில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உள்ளே சிக்னல் கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலறைக்கு வந்து போனைப் பார்த்தேன். என் உதவியாளர் நேபாளத்துக்காரர், மூன்றாம் தடவை நான் வெளியே வந்ததும், "மேடம், டாய்லெட் அந்தப் பக்கம்," என்று அக்கறையாகச் சொன்னார்.

பத்து ஐம்பதுக்கு வாசலறையில் போன் அதிர்ந்தது. காக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். விடுதியின் மேசை. என் கணவர் பச்சைச் சட்டையில், கேமராவைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே காக்காவின் எழுத்து:

"மாப்ள யாரோடும் பேசல. பையை அவுத்துக் கட்டி அவுத்துக் கட்டி இப்பத்தான் உள்ள வந்தாரு. நாலாவது ரொட்டி ஓடுது. கவலப்படாதீங்க தங்கச்சி."

உதவியாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்ப் பதினேழாவது சென்சாரைப் படித்தேன்.

அந்த நான்கு பேரும் கணவாயைக் கடந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விடுதிக்காரப் பெண்ணின் போனில் அவர்கள் உச்சியில் நிற்கும் போட்டோ வந்தது. என் கணவர் அதை எனக்கும் அனுப்பினார், ஒரு வார்த்தை சேர்க்காமல். நான் அதை முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிவு ஒரு கோடுகூட விழாமல் வெள்ளையாக இருந்தது, அவர்கள் போன தடத்தைத் தவிர.

ஷார்ஜா விமான நிலையத்தில் நான் நின்றேன். வெளியே வந்தவர் முதலில் ஒரு பொட்டலத்தை நீட்டினார். அக்ரூட் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்திய மாலை. "உனக்கு," என்றார். அதற்குப் பிறகு அஜ்மான் வரும்வரை பேசவில்லை. பின்சீட்டில் காக்கா தூங்குவதுபோல் பாசாங்கு செய்தார். அவரை இறக்கிவிட்டதும் ஜன்னல் பக்கம் குனிந்து, "ரெண்டு பேரும் நாளைக்குள்ள சண்டைய முடிச்சிருங்க, எனக்கு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வேற வீடு இல்ல," என்றார்.

வீட்டில் ஈரக் காலணிகளைப் பால்கனியில் காயப் போட்டுக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார்.

"அவங்க போயிட்டு வந்துட்டாங்க பிள்ள."

"ஆமா."

"அப்ப நீ சொன்னது தப்புதான?"

"இருக்கலாம். எனக்குத் தெரியல."

"தெரியாமலா வேண்டாம்னு சொன்ன?"

"தெரிஞ்சிருந்தா குழி எதுக்கு வெட்டச் சொல்லுதேன்? அந்தத் தூணு பன்னெண்டுல விழுந்துச்சு. அத வச்சுக்கிட்டு என்னால கையெழுத்துப் போட முடியல."

காலணியின் பட்டையை இழுத்து இழுத்து நேராக்கினார். "அந்த ஃபார்ம்," என்றார். "அதுக்கு நீ என்னத் திட்டவே இல்லையே."

அப்போதுதான் என் ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் புதன்கிழமை நின்ற கம்ப்ரெஸரையும் அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் காலணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. "நீயா? லிஸ்ட்டுக்காரி, நீயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. "மீன் என்னாச்சு?" என்றார். "கோழி," என்றேன். "வேற அறைக்கு மாத்திட்டோம்." அந்த அக்ரூட் மாலையில் பாதியை அப்போதே தின்று தீர்த்தோம்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கணவாயை அவர் இன்னும் கடக்கவில்லை. எட்டாம் தேதி போயிருக்கலாம் என்றுதான் இன்றும் சொல்கிறார். போயிருக்கலாம்தான் என்று நானும் சில நாள் நினைக்கிறேன், சில நாள் இல்லை. படிவத்தில் இப்போது பன்னிரண்டு கேள்விகள், தெர்மாமீட்டரின் போட்டோவும் உண்டு. கடைசிக் கேள்வியை அவரே எழுதிச் சேர்த்தார்: இந்தத் தாள் இன்று காலை நிரப்பியதா? காக்காவின் முழங்காலுக்கு மருத்துவர் ஊசி போட்டிருக்கிறார். வருகிற பிப்ரவரிக்கு மூன்று பேரும் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் இருவருக்கும் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் பதில் வரவில்லை.